ரோம், புளோரன்ஸ், வெனிஸ்: கோடையில் கட்டடக்கலை படிக்கப் போகிறவர்களுக்கு

முதலில் ஒரு வேண்டுகோள். பத்தொன்பது நாளில் ஏழு நாடு என்று யாராவது அட்டவணையை நீட்டினால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். மாணவனாக இருந்தபோது நான் அப்படித்தான் போனேன். திரும்பி வந்தபோது கையில் இரண்டாயிரத்துச் சொச்சம் புகைப்படங்கள் இருந்தன. எந்தக் குவிமாடம் எந்த ஊர் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை இத்தாலியோடு நிறுத்திக்கொண்டேன்: ரோமில் மூன்று வாரம், புளோரன்ஸில் பத்து நாள், மீதி நாட்கள் வெனிஸும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும். அந்த ஆறு வாரத்தில் வரைந்த இரண்டு நோட்டுப் புத்தகங்களை இன்றும் வேலை நடுவே புரட்டுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் அந்த இரண்டாவது பயணத்தை வைத்துத்தான். பாரிஸோ வியன்னாவோ பார்சிலோனாவோ போகிறவர்களுக்கும் விசாவிலிருந்து பென்சில் வரை பெரும்பாலானவை பொருந்தும்.

எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள்

கோடைப் படிப்பு என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்கின்றன. ஒன்று, ஓவியக்கூடத்தில் உட்கார்ந்து கைவேலை பழகுவது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் மலைக்கோட்டைக்குள் நடக்கும் கோடை அகாதெமி இந்த வகை. ஓவியர் ஆஸ்கர் கோகோஷ்கா 1953-இல் அதைத் தொடங்கியபோது 'பார்க்கும் பள்ளி' என்று பெயர் வைத்தார். இரண்டாவது, வடிவமைப்புப் பட்டறை. லண்டனின் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் போன்ற கல்லூரிகள் நடத்துகின்றன. குழுவாகச் சேர்ந்து சில வாரங்களில் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். ஊரைப் பார்க்க அதிக நேரம் கிடைக்காது. மூன்றாவது, கட்டடத்தின் முன்னாலேயே நின்று அதன் கதையைக் கேட்டு, அங்கேயே உட்கார்ந்து வரைவது. முதல் முறை போகிறவர்களுக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். மென்பொருளைச் சென்னையிலேயே கற்றுக்கொள்ளலாம். ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனைச் சென்னைக்குக் கொண்டுவர முடியாது.

பணம் கட்டுவதற்கு முன் நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியவை: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வகுப்பறைக்கு வெளியே? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? அருங்காட்சியக நுழைவுக் கட்டணமும் நகரங்களுக்கு இடையிலான ரயிலும் கட்டணத்துக்குள் அடங்குமா? சேர்க்கைச் சான்று கல்லூரியின் முத்திரையோடு கிடைக்குமா? கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் மறக்காதீர்கள். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் ஐரோப்பியக் கல்வி நிறுவனங்களில் கலை, கட்டடக்கலை படிக்கிறவர்களுக்குச் சலுகை உண்டு. கோடை மாணவருக்கும் அது கிடைக்குமா என்பது கவுண்டரில் இருப்பவரைப் பொறுத்தது. கையில் இத்தாலிய மொழியில் ஒரு சான்று இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

கிரெடிட் கணக்கில் ஏமாறாதீர்கள். ஐரோப்பியக் கல்லூரிகள் படிப்பின் அளவைக் கணக்கிடும் ஈ.சி.டி.எஸ். முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மூன்று வாரத்தில் பன்னிரண்டு கிரெடிட் தருகிறோம் என்று விளம்பரம் வந்தால் பெருக்கிப் பாருங்கள்: குறைந்தது 300 மணி நேரம், ஞாயிறு உட்பட நாளுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல். அந்தக் கிரெடிட்டை உங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வந்த பிறகு கேட்டால் கிடைப்பது பாராட்டு மட்டும்தான்.

காலக் கணக்கும் ஒன்று இருக்கிறது. நம் கல்லூரிகளில் கோடை விடுமுறை என்றால் மே, ஜூன். அங்கே கோடைப் படிப்புகளில் பல ஜூலையில் நடக்கின்றன. பருவத் தேர்வுத் தேதியையும் அடுத்த பருவம் தொடங்கும் தேதியையும் பார்த்துக்கொண்டு, முந்தைய ஆண்டு நவம்பரிலேயே தேட ஆரம்பியுங்கள்.

விசா

இந்தப் பகுதி சலிப்பானது. ஆனால் பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்று மாதத்துக்குள் முடியும் படிப்புக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா போதும். ஷெங்கன் பகுதி என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் அந்தப் பகுதிக்குள் இருக்கக் கூடாது. 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்து நாட்களைக் கணினியே எண்ணும் முறை படிப்படியாக வந்துவிட்டது. முத்திரை மங்கலாக விழுந்திருக்கிறது என்ற சாக்கெல்லாம் இனி எடுபடாது.

பல நாடுகளுக்குப் போவதானால், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். கோடைக்கு முன் சென்னை விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே முன்பதிவு செய்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கமாவது காலியாக உள்ளதாகவும் இருக்க வேண்டும். படிக்கப் போகிறோம் என்பதை மறைத்துச் சுற்றுலா என்று எழுதாதீர்கள். சேர்க்கைக் கடிதம்தான் உங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பு.

நடுவில் லண்டனை எட்டிப் பார்க்க ஆசையா? பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். அதைவிட முக்கியமாக, உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறை மட்டும் நுழையும் வகையாக இருந்தால், லண்டனுக்குப் போனவர் ரோமுக்குத் திரும்ப முடியாது. என்னோடு தங்கியிருந்த ஒரு மாணவி இதை விமான நிலையத்தில்தான் தெரிந்துகொண்டாள். பலமுறை நுழையும் விசா தேவையானால் விண்ணப்பத்திலேயே அதைக் குறித்துக் கேளுங்கள்.

இத்தாலியில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று. குறுகிய காலம் வருகிறவர்கள் தங்கள் வருகையை அதிகாரிகளுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். விடுதியில் தங்கினால் அவர்களே பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்துவிடுவார்கள். தனியார் அறையை வாடகைக்கு எடுத்தால், பதிவு செய்தீர்களா என்று வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்

உங்கள் முழம் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியுமா? சாண்? இயல்பாக நடக்கும்போது ஓர் எட்டு? இந்த மூன்றையும் அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தேவாலயத்துக்குள் டேப்பை நீட்டி அளக்க முடியாது. உங்கள் கையும் காலும்தான் அங்கே அளவுகோல்.

பிறகு உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக்குப் போய் ஒரு வாரம் பழகுங்கள். தூண்களுக்கு இடையே எத்தனை எட்டு, தூணின் உயரம் அதன் அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து, தரைப்படத்தை வரையுங்கள். முதல் நாள் கோணல்மாணலாகத்தான் வரும். அந்தக் கோணலை ஐரோப்பாவில் போய்ச் சரிசெய்வது வாடகை கொடுத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குச் சமம்.

படிக்க வேண்டியது அதிகமில்லை. போகும் ஊர்களிலிருந்து பத்துக் கட்டடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் தரைப்படத்தையும் குறுக்குவெட்டுப் படத்தையும் பார்க்காமல் வரையும் அளவுக்கு மனத்தில் ஏற்றிக்கொண்டால் போதும். நேரில் போய் நிற்கும்போது, படத்தில் இல்லாதது எது என்று கண் தானாகத் தேடும்.

பையில் என்ன இருக்கலாம்

ஏ5 அளவில் தைத்த நோட்டு இரண்டு. பெரிய அட்டை எல்லாம் வேண்டாம், மூன்றாம் நாளே அறையில் விட்டுவிட்டுப் போவீர்கள். நீர்வண்ணம் பூசுவதானால் சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாத தாள். அதை இங்கிருந்து சுமக்க வேண்டியதில்லை. இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊரில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து காகிதம் செய்கிறார்கள், அந்தப் பெயரிட்ட தாள் அங்கே சாதாரணமாகக் கிடைக்கும். எச்பி, 2பி, 4பி பென்சில்கள், நீர்பட்டால் கலையாத மையுள்ள பேனா ஒன்று, தண்ணீர் அடைத்த தூரிகை, கையடக்க வண்ணப்பெட்டி. டர்பன்டைனை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், எண்ணெய் வண்ணம் பழகுகிறவர்கள் அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். பென்சில் சீவும் கத்தி பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் வேண்டாம்.

அருங்காட்சியகங்களுக்குள் பொதுவாகப் பென்சிலுக்குத் தடையில்லை. மை, வண்ணம், ஓவியச் சட்டம் என்று இறங்கினால் காவலர் வந்துவிடுவார். அதோடு தோளையும் முழங்காலையும் மூடும் உடை. ஜூலை வெயிலில் அரைக்கால் சட்டையோடு போய்த் தேவாலய வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நாள்தோறும் பார்க்கலாம். ஒரு மெல்லிய பருத்தித் துண்டு பையில் கிடந்தால் வேலை முடிந்தது.

காலணிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். ரோமின் தெருக்களில் பாவியிருக்கும் கறுப்புக் கற்கள் பாதத்தைப் பதம் பார்த்துவிடும்.

ரோம்: காலை ஏழு மணிக்கு வெளியே இருங்கள்

ஜூலையில் ரோமின் பிற்பகல் நம் ஊர்க் கோடைக்குக் குறைந்ததல்ல. மதியம் பன்னிரண்டரை வாக்கில் பல தேவாலயங்களைப் பூட்டிவிட்டு மூன்றரை, நான்குக்குத்தான் திறப்பார்கள். எனவே காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை வேலை, மதியம் அறையில் தூக்கம் அல்லது படங்களைத் திருத்துவது, நான்கிலிருந்து இருட்டும் வரை மறுபடி தெரு. வெளிச்சம் எட்டரை மணி வரை இருக்கும். குடிநீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவோரங்களில் மூக்கு போன்ற குழாயோடு இரும்புத் தூண்கள் நின்று ஓயாமல் நீர் ஊற்றிக்கொண்டிருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து நீர் வளைந்து பீறிடும், அப்படியே குடிக்கலாம்.

முதல் வாரத்தைப் பாந்தியனுக்குக் கொடுங்கள். 2023 ஜூலையிலிருந்து நுழைவுக் கட்டணம் வைத்துவிட்டார்கள், ஆகவே பல முறை போவதற்குக் கணக்குப் பார்க்கத் தோன்றும். குறைந்தது மூன்று முறை போங்கள்: ஒரு காலை, ஒரு நண்பகல், முடிந்தால் ஒரு மழை.

முதல் முறை வரையாதீர்கள், நடங்கள். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நடுவழியே எட்டுகளை எண்ணிக்கொண்டு போங்கள். விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் துளை வரை உயரமும் அதே 43.3 மீட்டர். அதாவது உள்ளே ஒரு முழுப் பந்தை வைத்தால் தரையையும் உச்சியையும் தொட்டுக்கொண்டு நிற்கும். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் நடந்து முடித்து அண்ணாந்து பார்க்கும்போது, இப்போது நடந்த அத்தனை தூரமும் தலைக்குமேல் செங்குத்தாக நிற்கிறது என்று கழுத்துக்குத் தெரியும். அதற்குத்தான் விமானச் சீட்டு.

இரண்டாம் முறை குறுக்குவெட்டுப் படம். ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த கட்டடம் இது. கம்பி ஏதும் இல்லாத கான்கிரீட். குவிமாடத்தின் அடியில் ஏறத்தாழ ஆறு மீட்டர் தடிமன், உச்சியில் ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. கலவையில் சேர்த்த கல்லும் மேலே போகப் போக இலேசாகி, உச்சியில் நுரைக்கல் ஆகிறது. குவிமாடத்தின் உட்புறத்தில் குழிவாகச் செதுக்கிய சதுரங்கள் ஐந்து வரிசை, வரிசைக்கு 28. மேலே போகப் போக அவை சுருங்குவதைப் படத்தில் கொண்டுவருவது எளிதல்ல. நான் நான்கு முறை அழித்தேன். வரிசைகளை வரைவதற்கு முன் செங்குத்துக் கோடுகளை இட்டுக்கொண்டால் பிழைக்கலாம்.

நண்பகலில் போனால் உச்சித் துளையிலிருந்து விழும் ஒளி வட்டம் தரையில் நகர்வதைப் பார்க்கலாம். அதன் விளிம்பைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தரைப்படத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். மழை பெய்தால் அதிர்ஷ்டம்: நீர் நேராக உள்ளே கொட்டும், நடுவில் மெல்ல மேடிட்ட தரை அதை வடிகால் துளைகளுக்கு ஒதுக்கிவிடும். அந்த மேட்டைக் கண்ணால் பார்ப்பது கடினம், காலால் உணரலாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி தேவாலயம். இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜோ 1599-க்கும் 1602-க்கும் இடையே புனித மத்தேயுவைப் பற்றி வரைந்த மூன்று ஓவியங்கள் இருக்கின்றன. நுழைவு இலவசம். பெட்டியில் நாணயம் போட்டால் சிறிது நேரம் விளக்கு எரியும். எல்லோரும் காசைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, அணைந்ததும் போய்விடுகிறார்கள். நீங்கள் அணைந்த பிறகும் நில்லுங்கள். இடச்சுவரில் உள்ள ஓவியத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. அந்தப் பக்கம்தான் பலிபீடமும் அதன் மேலே உண்மையான சன்னலும். வலச்சுவர் ஓவியத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து. கட்டடத்தின் சன்னலை ஓவியத்துக்குள் இழுத்துப் போட்டிருக்கிறான் மனிதன். மின்விளக்கு எரியும்போது இது தெரியாது.

கட்டடக் கலைஞர் பொர்ரொமினி 1638-இல் தொடங்கிய சான் கார்லோ தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள். கைக்குள் அடங்கிவிடும் அளவு, ஆனால் தரைப்படத்தில் நேர்க்கோடு கிடைப்பது அரிது. அது திறந்திருக்கும் நேரம் குறைவு, விசாரித்துவிட்டுப் போங்கள். ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து வரையலாம் என்று நினைக்காதீர்கள். 2019 முதல் அங்கே உட்காரவே தடை, அபராதம் 250 யூரோவிலிருந்து தொடங்கும்.

புளோரன்ஸ்: ஒரு திண்ணை

ரயிலில் ஒன்றரை மணி நேரம். விரைவு ரயிலுக்கு முன்கூட்டியே வாங்கினால் மலிவு. பயணிகள் ரயிலுக்குத் தாள் டிக்கெட் எடுத்தால், ஏறுவதற்கு முன் நடைமேடை அருகில் உள்ள இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை குத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கு அபராதம் கட்டிய வெளிநாட்டு மாணவர்கள் ஏராளம், நானும் அதில் ஒருவன்.

பேராலயத்தின் மேல் கட்டடக் கலைஞர் புரூனலெஸ்கி எழுப்பிய பெரிய குவிமாடத்துக்கு முன்பதிவு செய்து ஏறுங்கள். 463 படிகள். 1420 முதல் 1436 வரை, தரையிலிருந்து சாரம் கட்டித் தாங்காமல் எழுப்பியது. படி ஏறும் வழி உள்ளோட்டுக்கும் வெளியோட்டுக்கும் நடுவே போகிறது. அங்கே செங்கல்லை மீன்முள் போலச் சாய்த்து அடுக்கியிருப்பதைக் கையால் தடவிப் பார்க்கலாம். உச்சிக் காட்சியைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

ஆனால் படிக்க வேண்டிய கட்டடம் அதுவல்ல. அதே புரூனலெஸ்கி 1419-இல் தொடங்கிய ஆதரவற்ற குழந்தைகள் இல்லம், ஓஸ்பெதாலே தெல்லி இன்னொசெந்தி. சதுக்கத்தைப் பார்த்தபடி ஒன்பது வளைவுகளோடு ஒரு நீண்ட திண்ணை. கட்டணம் இல்லை, படிக்கட்டில் உட்காரலாம், காலையில் நிழலும் கிடைக்கும். இரண்டு தூண்களுக்கு இடையே எட்டு வையுங்கள். பிறகு தூணிலிருந்து பின்சுவருக்கு. இரண்டும் ஒன்றே. தூணின் உயரமும் அதேதான். அதாவது திண்ணை முழுவதும் கனசதுரங்களின் வரிசை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு விதானம். அந்தக் காலத்துப் புளோரன்ஸின் அளவு 'பிராச்சியோ', ஏறத்தாழ 58 சென்டிமீட்டர். சொல்லுக்குப் பொருள் கை. நம் முழத்தின் பங்காளி. ஊரில் அளந்து எழுதிய முதல் பக்கம் இங்கே உதவும்.

தூண்களின் சாம்பல் நிறக் கல்லையும் வெள்ளைச் சுவரையும் வேறுபடுத்த ஒரே வண்ணம் போதும். வளைவுகளுக்கு இடையே நீல வட்டங்களில், துணியில் சுற்றிய குழந்தைகள் சுடுமண்ணில் இருக்கின்றன. ஆந்திரேயா தெல்லா ரோபியா செய்தவை. அவற்றைக் கடைசியில் வரையுங்கள். முதலில் தொடங்கினால் கட்டடம் கைவிட்டுப் போய்விடும்.

மாதத்தின் முதல் ஞாயிறு இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். அன்று புளோரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் வரைய முடியாது, நிற்க இடம் கிடைத்தால் பெரிது. திங்கட்கிழமை அது விடுமுறை.

வெனிஸும் சுற்றுவட்டாரமும்

வெனிஸில் தங்குவது செலவு. கடலுக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் அறை எடுத்துக்கொண்டு பத்து நிமிட ரயிலில் போய்வரலாம். பியன்னாலே கண்காட்சி இரட்டைப்படை ஆண்டுகளில் கலைக்கும் ஒற்றைப்படை ஆண்டுகளில் கட்டடக்கலைக்கும் நடக்கிறது. இரண்டு நாள் ஒதுக்குங்கள், அதற்குமேல் கண் மரத்துவிடும்.

அதே நேரத்தைக் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பாவுக்குக் கொடுப்பது லாபம். குவெரினி ஸ்தம்பாலியா மாளிகையின் கீழ்த்தளத்தை 1960-களின் தொடக்கத்தில் அவர் மாற்றி அமைத்தபோது, கடல் பொங்கும் நாளில் வரும் வெள்ளத்தைத் தடுக்காமல் உள்ளே வரவிட்டு, கல் வாய்க்காலில் ஓடவிட்டார். படிக்கட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே விடப்பட்ட இடைவெளியைப் பக்கவாட்டிலிருந்து வரைந்து பாருங்கள், எங்கே எதை ஒட்டாமல் விட்டிருக்கிறார் என்பதுதான் பாடம். வெரோனாவின் காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகமும் அவர் கைவண்ணம். அந்த ஊரை ஆண்ட கான்கிராந்தே குதிரைமேல் உள்ள சிலையை ஒரு கான்கிரீட் தாங்கியில் அந்தரத்தில் நிறுத்தியிருக்கிறார். மேலிருந்தும் கீழிருந்தும் பாலத்திலிருந்தும் பார்க்கலாம்.

வழியில் விச்சென்சா. கட்டடக் கலைஞர் பல்லாதியோவின் ஊர். அவர் வடிவமைத்த வில்லா ரொத்தொந்தா மாளிகைக்குள் எல்லா நாளும் விடுவதில்லை, கிழமை பார்த்துப் போங்கள். தெயாத்ரோ ஒலிம்பிகோ அரங்கில் மேடைக்குப் பின்னால் நீண்டு போவதுபோல் தெரியும் தெருக்கள் சில மீட்டர் ஆழம்தான். அவை கட்டடக் கலைஞர் ஸ்கமோசியின் வேலை.

ஆகஸ்ட் 15-க்குமேல் தங்குகிறவர்களுக்கு

அந்தத் தேதியை ஒட்டி இத்தாலியர்கள் ஊரை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். காகிதக் கடை, அச்சகம், தெருமுனை உணவகம் எல்லாம் கதவை இழுத்துச் சாத்திவிடும். தாள், மை, படங்களை ஸ்கேன் செய்வது போன்றவற்றை முன்பே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதி, மணி, எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தீர்கள் என்று குறித்திருக்கிறீர்களா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள், போர்ட்ஃபோலியோ தயாரிக்கும்போது நிழலை வைத்து நேரம் கண்டுபிடிப்பது பெருந்தொல்லை. திரும்பும்போது நோட்டுகளைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். கைப்பையில், துணிக்கு நடுவே, பிளாஸ்டிக் உறையில்.